எஞ்சின் எண்ணெய் மாற்றும்போது கியர் பெட்டியை வடித்துவிடாதீர்கள்!

உழவு, சேற்றுழவு, விதைப்பு, கதிரடிப்பு, விளைபொருள் ஏற்றுதல் என்று ஆண்டு முழுவதும் டிராக்டருக்கு வேலை இருக்கிறது. அதைப் பேணுவதில் முதலிடம் பெறுவது எஞ்சின் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவதாகும். முன்பெல்லாம் இதற்கு நகரத்துப் பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது. இன்று பல உழவர்கள் தங்கள் களத்திலேயே, தாங்களாகவே எண்ணெய் மாற்றிக்கொள்கின்றனர். பட்டறைக் கூலியும் போய்வரும் டீசலும் நேரமும் மிச்சமாகின்றன. இது வரவேற்கத்தக்கதே.

ஆனால் இந்த எளிய வேலையில் ஒரு பெருந்தவறு நேர வாய்ப்புள்ளது. எஞ்சின் எண்ணெயை வடிப்பதாக நினைத்துக்கொண்டு கியர் பெட்டியின் எண்ணெயை வடித்துவிடுவதே அத்தவறு. எண்ணெய் வடிந்ததே, வேலை சரியாக முடிந்தது என்று எண்ணி, புதிய எண்ணெயை எஞ்சினில் ஊற்றி டிராக்டரை ஓட்டத் தொடங்கினால் கியர் பெட்டி, ஹைட்ராலிக் பம்பு, எஞ்சின் ஆகிய மூன்றும் ஒரே நாளில் கெட்டுப்போகலாம்.

பயிர்த் தொழிலில் எந்திரக் கோளாறு என்பது பணச் செலவோடு முடிவதில்லை. வானம் பார்த்த கரிசல் நிலத்தில் மழைக்குப் பின் மண் உழவுக்கு ஏற்ற பதத்தில் இருப்பது சில நாட்களே. அந்த நாட்களில் டிராக்டர் பட்டறையில் நின்றால் விதைப்பு தள்ளிப்போகும். தள்ளிப்போன விதைப்பு பின்பருவ வறட்சியில் மாட்டும். டெல்டாப் பகுதியில் குறுவை நடவு பிந்தினால் அறுவடை வடகிழக்குப் பருவ மழையில் சிக்கும். ஆகவே இத்தவறு ஏன் நேருகிறது, எப்படி முன்கூட்டியே கண்டுகொள்வது, நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பனவற்றை ஒவ்வொரு டிராக்டர் உரிமையாளரும் ஓட்டுநரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

தவறு ஏன் நேருகிறது?

லாரிக்கு அடிச்சட்டம் ஒன்று உண்டு. அதன் மேல் எஞ்சினும் கியர் பெட்டியும் தனித்தனியே பொருத்தப்பட்டிருக்கும். பெரும்பாலான டிராக்டர்களுக்கு அப்படி முழு நீள அடிச்சட்டம் கிடையாது. எஞ்சின், கிளட்ச் கூடு, கியர் பெட்டி, டிஃபரன்ஷியல், பின் அச்சு ஆகியவை ஒன்றோடொன்று போல்ட்டுகளால் இணைக்கப்பட்டு அவையே டிராக்டரின் முதுகெலும்பாக அமைகின்றன. 1917-இல் அமெரிக்காவில் உற்பத்தி தொடங்கப்பட்ட ஃபோர்ட்சன் டிராக்டர் இவ்வமைப்பைப் பரவலாக்கியது. இன்றும் பெரும்பாலான டிராக்டர்கள் இவ்வழியிலேயே செய்யப்படுகின்றன.

இதனால் டிராக்டரின் அடியில் படுத்துப் பார்ப்பவருக்கு முன்னிருந்து பின்வரை ஒரே வார்ப்பிரும்பு உடல்போலத் தெரியும். அதில் எண்ணெயை வடிப்பதற்கான திருகு மூடிகள் வரிசையாக இருக்கும். மெக்கானிக்குகள் இவற்றை டிரெயின் பிளக் என்பர். எல்லாம் ஒரே நிறம். பெரும்பாலும் சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து கிடக்கும். அளவிலும் அதிக வேறுபாடு இராது. இவற்றுள் எது எஞ்சினுக்கு உரியது, எது கியர் பெட்டிக்கு உரியது என்று பெயர் எழுதியிருப்பதில்லை. எனவே முதன்முறை செய்பவர் கைக்கு எட்டியதைக் கழற்றிவிட வாய்ப்புண்டு. ஒரு டிராக்டரில் பழகிய கை வேறொரு மாதிரி டிராக்டருக்கு மாறும்போதும் இதே குழப்பம் நேரும்.

டிராக்டரில் எத்தனை எண்ணெய்கள்?

டிராக்டரில் எண்ணெய் இருக்கும் இடங்கள் பல. அவற்றின் வேலையும் வேறு வேறு.

1. எஞ்சின் எண்ணெய்: எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் சம்பில் இருக்கும். 35 முதல் 50 குதிரைத்திறன் உள்ள டிராக்டர்களில் பெரும்பாலும் 6 முதல் 9 லிட்டர் வரை கொள்ளும். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 என்ற தரங்கள் பரவலாகப் பயன்படுகின்றன.

2. கியர் பெட்டி எண்ணெய்: பல டிராக்டர்களில் கியர் பெட்டி, டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் தூக்கி ஆகிய மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். பிரேக்குகள் எண்ணெயில் மூழ்கிய வகையாக இருந்தால் அவற்றுக்கும் பெரும்பாலும் இதுவே. ஆகவே இதன் அளவு மிக அதிகம். மாதிரிக்கேற்ப 25 லிட்டரில் தொடங்கி 50 லிட்டருக்கு மேலும் கொள்ளும்.

3. நான்கு சக்கர இயக்கம் உள்ள டிராக்டராயின் முன் அச்சுக்குத் தனி எண்ணெய்.

4. பவர் ஸ்டியரிங் உள்ளவற்றில் அதற்குரிய எண்ணெய். சில மாதிரிகளில் இதற்குத் தனிக் கலம் உண்டு.

5. எண்ணெய்க் குளியல் வகைக் காற்று வடிகட்டி இருந்தால் அதன் கிண்ணத்தில் உள்ள எண்ணெய்.

இவற்றுள் எஞ்சின் எண்ணெயே அடிக்கடி மாற்றப்படுவது. இன்றைய டிராக்டர்கள் பலவற்றில் 250 மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறை மாற்றுமாறு கூறப்பட்டுள்ளது. கியர் பெட்டி எண்ணெய்க்கு இது பெரும்பாலும் 1000 மணி அளவில் இருக்கும். டிராக்டருக்கு டிராக்டர் இது மாறும். உங்கள் கையேட்டில் உள்ளதே முடிவானது.

தரம் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. கியர் எண்ணெயின் மேல் 90 என்று எழுதியிருப்பதைப் பார்த்து, அது 40 எண் உள்ள எஞ்சின் எண்ணெயைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தடித்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. எஞ்சின் எண்ணெய்க்கும் கியர் எண்ணெய்க்கும் அளவுமுறையே வேறு. 90 எண் உள்ள கியர் எண்ணெயின் தடிப்பு, 40 அல்லது 50 எண் உள்ள எஞ்சின் எண்ணெயின் தடிப்புக்கு ஏறத்தாழச் சமம். எனவே விரலால் தொட்டுப் பார்த்து மட்டும் இரண்டையும் பிரித்தறிய முயலக்கூடாது. அவற்றில் சேர்க்கப்படும் பொருட்களே முக்கிய வேறுபாடு. எஞ்சின் எண்ணெயில் கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருட்கள் உள்ளன. கியர் எண்ணெயில் பற்கள் ஒன்றையொன்று அழுத்தும்போது உலோகம் உராயாமல் காக்கும் பொருட்கள் உள்ளன.

தவறு நேர்ந்தால் உள்ளே என்ன நடக்கிறது?

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். எஞ்சின் 7 லிட்டரும் கியர் பெட்டி 40 லிட்டரும் கொள்ளும் டிராக்டர். உழவர் கியர் பெட்டியின் பிளக்கைத் திறந்து எண்ணெயை வடிக்கிறார். பிளக்கை மூடுகிறார். பிறகு புதிய எண்ணெய் 7 லிட்டரை எஞ்சின் மூடி வழியாக ஊற்றுகிறார். இப்போது எஞ்சினில் பழையது 7, புதியது 7, ஆக 14 லிட்டர் இருக்கிறது. கியர் பெட்டியிலோ சுவர்களில் ஒட்டியிருப்பதைத் தவிர எதுவும் இல்லை. ஒரே தவறு இரண்டு கேடுகளைச் செய்துவிட்டது.

எஞ்சினில் ஏற்படும் கேடு: எண்ணெய் மட்டம் உயர்ந்து சுழலும் கிராங்க் தண்டைத் தொடுகிறது. நிமிடத்திற்கு ஆயிரம், இரண்டாயிரம் முறை சுழலும் தண்டு எண்ணெயை மத்துப்போலக் கடைகிறது. காற்றுக் குமிழ்கள் கலந்து நுரைக்கிறது. ஆயில் பம்பு எண்ணெய்க்குப் பதில் நுரையை இழுப்பதால் பேரிங்குகளுக்குப் போதிய எண்ணெய் கிடைப்பதில்லை. எண்ணெய் மிகுந்திருந்தும் உயவு குறைகிறது. சீல்கள் வழியாகக் கசிவும் தோன்றும். வெளிப்போக்கியில் நீலம் கலந்த வெண்புகை வரும்.

இதைவிட அபாயமானது ஒன்று உண்டு. மிகுதியான எண்ணெய் காற்று உறிஞ்சும் குழாய்க்குள் புகுந்தால் டீசல் எஞ்சின் அந்த எண்ணெயையே எரிபொருளாகக் கொண்டு கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கலாம். அப்போது நிறுத்தும் விசையை இழுத்து டீசலைத் துண்டித்தாலும் எஞ்சின் நிற்காது. காற்று செல்லும் வழியை அடைத்தால்தான் நிற்கும். கையால் அடைக்க முயலக்கூடாது. கெட்டியான பலகை போன்ற ஒன்றே ஏற்றது. அதுவும் இயலாதெனில் அருகில் நில்லாமல் விலகிவிடுவதே நன்று.

கியர் பெட்டியில் ஏற்படும் கேடு: கியர் நியூட்ரலில் இருந்தாலும் கிளட்சை மிதிக்காத நிலையில் எஞ்சின் ஓடும்போது கியர் பெட்டியின் உள்தண்டும் அதனோடு எப்போதும் பல் கோத்திருக்கும் கியர்களும் சுழன்றுகொண்டேயிருக்கும். எண்ணெய் இல்லாதபோது பற்களும் பேரிங்குகளும் உலோகத்தோடு உலோகமாகத் தேய்ந்து சூடேறுகின்றன. பல் முகத்தில் கீறல் விழுகிறது. பிறகு முழங்கும் ஒலி. பிறகு பேரிங் இறுகிப்போதல்.

ஹைட்ராலிக் பம்புதான் முதலில் பாதிக்கப்படும். பம்புக்கு அது தள்ளும் எண்ணெயே உயவும் ஆகும். எண்ணெய் வராவிட்டால் வெறும் காற்றைக் கடைந்து உட்பகுதி தேய்கிறது. கியர் பற்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் படலம் அவற்றைச் சிறிது நேரம் காக்கும். பம்புக்கு அந்தச் சலுகை கிடையாது. சில டிராக்டர்களில் பம்பு நேரே எஞ்சினால் இயக்கப்படுவதால், கிளட்சை மிதித்துக்கொண்டே ஓட்டினாலும் அது சுழலும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இங்கே கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று. முன்பலகையில் உள்ள ஆயில் விளக்கு எஞ்சின் எண்ணெயின் அழுத்தத்தை மட்டுமே காட்டும். கியர் பெட்டி காலியாக இருப்பதை அறிவிக்கும் விளக்கு பல டிராக்டர்களில் கிடையாது. எனவே விளக்கு அணைந்துவிட்டது, எல்லாம் சரி என்று நம்பிவிடக்கூடாது.

சரியான பிளக்கைக் கண்டறிவது எப்படி?

1. முதலில் கையேட்டைப் பாருங்கள். எண்ணெய் மாற்றும் பகுதியில் படம் இருக்கும். கையேடு தொலைந்திருந்தால் விற்பனையாளரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. இடத்தை வைத்து அறியலாம். எஞ்சின் சம்ப், முன் அச்சுக்கும் கிளட்ச் கூட்டிற்கும் இடையில், எஞ்சினுக்கு நேர் கீழே உள்ளது. ஓட்டுநர் கால் வைக்கும் பலகைக்கும் இருக்கைக்கும் கீழே உள்ளவை கியர் பெட்டியும் டிஃபரன்ஷியலும் ஆகும். காலுக்குக் கீழே உள்ள பிளக்கை எஞ்சின் எண்ணெய்க்காகத் தொடவேண்டிய தேவையே இல்லை.

3. டிப் ஸ்டிக் எனப்படும் அளவுகோலைப் பின்தொடருங்கள். எஞ்சின் பக்கவாட்டில் செருகியுள்ள அளவுகோல் எந்தக் கலத்திற்குள் இறங்குகிறதோ அதன் அடியில் உள்ளதே எஞ்சின் பிளக்.

4. வெப்பத்தை வைத்து அறியலாம். எண்ணெய் நன்கு வடிய எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவது வழக்கம். டிராக்டர் நின்ற இடத்திலேயே ஓடியிருந்தால் எஞ்சின் சம்ப் நன்கு சூடாகியிருக்கும். கியர் பெட்டி அவ்வளவு சூடாகியிராது. கையை அருகில் கொண்டுசென்றாலே வேறுபாடு தெரியும். சூடான பகுதியைத் தொட வேண்டா.

5. அடிப்பகுதியைக் கழுவித் துடைத்த பின்னரே பிளக்கில் ஸ்பேனர் வைக்க வேண்டும். சேறு படிந்த நிலையில் எதுவும் ஒன்றுபோலவே தெரியும்.

கிளட்ச் கூட்டின் அடியில் சிறு துளையோ, பின் செருகிய துளையோ இருப்பதைக் காணலாம். அது எண்ணெய் வடிக்கும் இடம் அன்று. அதன் வழியே எண்ணெய் சொட்டினால் சீல் கசிகிறது என்று பொருள், மெக்கானிக்கிடம் காட்டவேண்டும்.

வடியும்போதே தவறைக் காட்டும் அடையாளங்கள்

நிறம்: ஓடிய டீசல் எஞ்சினின் எண்ணெய் கறுப்பாக இருக்கும். டீசல் எரியும்போது உண்டாகும் கரி அதில் கலப்பதே காரணம். கியர் பெட்டிக்குள் எதுவும் எரிவதில்லை. ஆகவே அதன் எண்ணெய் பல நூறு மணி ஓடிய பின்பும் தேன் நிறத்திலோ பழுப்பு நிறத்திலோ இருக்கும். கறுப்பை எதிர்பார்த்த இடத்தில் தேன் நிறம் வந்தால் உடனே பிளக்கை மூடுங்கள்.

சேற்றுழவு செய்யும் டிராக்டர்களில் கியர் பெட்டிக்குள் நீர் புகுந்திருந்தால் எண்ணெய் பால் கலந்த தேநீர்போல வெளுத்து வரும். அவ்வாறு கண்டால், தவறாகத் திறந்ததும் ஒருவகையில் நன்மையே. அந்த எண்ணெயை மாற்றியே ஆகவேண்டும். நீர் புகும் வழியையும் அடைக்கவேண்டும்.

அளவு: வடியும் எண்ணெயை அளவு தெரிந்த பாத்திரத்தில் பிடியுங்கள். எஞ்சினில் 7 லிட்டர்தான் இருக்கவேண்டும். 10 லிட்டர் வாளி நிரம்பிய பின்பும் எண்ணெய் கொட்டுகிறதென்றால் அது எஞ்சின் எண்ணெய் அன்று.

பிளக்கின் முனை: கியர் பெட்டிப் பிளக்குகள் பலவற்றின் உள்முனையில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசைபோன்ற இரும்புத்தூள் ஒட்டியிருப்பது இயல்பு. சில எஞ்சின் பிளக்குகளிலும் காந்தம் உண்டாகையால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது.

தப்பாத சோதனை: மேற்கூறிய அனைத்தும் கவனத்திலிருந்து தப்பினாலும், ஒரு சோதனை தவறைக் கட்டாயம் காட்டிக்கொடுக்கும். பழைய எண்ணெய் வடிந்த பின், பிளக்கை மூடி, புதிய எண்ணெயை ஊற்றுவதற்கு முன் எஞ்சினின் அளவுகோலை உருவித் துடைத்து மீண்டும் செருகிப் பாருங்கள். எஞ்சின் உண்மையாகவே வடிந்திருந்தால் அளவுகோலில் மட்டம் தெரியாது. பழைய மட்டம் அப்படியே தெரிந்தால் நீங்கள் வடித்தது வேறு எண்ணெய். இச்சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எண்ணெய் மாற்றும்போதெல்லாம் இதை ஒரு வழக்கமாகக் கொள்ளவேண்டும்.

தவறு நேர்ந்துவிட்டால் என்ன செய்வது?

(அ) எஞ்சினை இன்னும் ஓட்டவில்லை என்றால்:

கவலைப்பட வேண்டியதில்லை. இந்நிலையில் எந்தப் பகுதியும் கெடவில்லை. எண்ணெய்க்கான செலவே இழப்பு. பின்வரும் முறையில் சரிசெய்யலாம்.

1. சாவியை எடுத்துவிடுங்கள். வேறு யாரும் டிராக்டரை நகர்த்தாதபடி சொல்லிவையுங்கள்.

2. கியர் பெட்டியின் பிளக்கைத் துடைத்து, வாஷரைச் சரிபார்த்து மூடுங்கள். நசுங்கிய செப்பு வாஷரை மாற்றிவிடுவது நல்லது.

3. கையேட்டில் கூறப்பட்ட தர எண்ணெயை அளவுகோல் குறிவரை ஊற்றுங்கள். சில டிராக்டர்களில் கியர் பெட்டிக்கும் டிஃபரன்ஷியலுக்கும் தனித்தனிப் பிளக்குகள் இருப்பதால் ஒன்றைத் திறந்தால் ஒரு பகுதி மட்டுமே வடிந்திருக்கலாம். எனவே கையேட்டில் உள்ள முழு லிட்டர் கணக்கை அப்படியே ஊற்றாமல் மட்டம் பார்த்தே ஊற்றவேண்டும். எண்ணெய் ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்குப் பரவ நேரமாகும். கால்மணி பொறுத்து மறுபடியும் பாருங்கள்.

4. எஞ்சினில் புதிய எண்ணெயையும் சேர்த்து ஊற்றிவிட்டிருந்தால், பழையதும் புதியதும் கலந்த அதனை முழுவதும் வடித்துவிட்டு, ஆயில் ஃபில்டரையும் மாற்றி, புதிய எண்ணெயை ஊற்றுங்கள். மிகுதியை மட்டும் வடித்துவிட்டுக் கலவையோடு ஓட்டினால் எண்ணெய் மாற்றியதன் பயன் கிட்டாது.

5. எஞ்சினை மெதுவான வேகத்தில் சில நிமிடம் ஓடவிடுங்கள். தூக்கியின் கைகளைச் சுமையின்றிப் பலமுறை ஏற்றி இறக்குங்கள். குழாய்களில் புகுந்த காற்று வெளியேறும். பிறகு கைகளை இறக்கிய நிலையில் எஞ்சினை நிறுத்தி மட்டத்தை மீண்டும் பார்த்து, குறைந்ததை நிரப்புங்கள்.

வடித்த கியர் எண்ணெயைத் திரும்ப ஊற்றலாமா என்று பலர் கேட்பர். பாத்திரம் முற்றிலும் தூய்மையாக இருந்து, எண்ணெய் மாற்றும் காலம் இன்னும் வராததாயின், மெல்லிய சல்லடையில் வடித்து ஊற்றலாம். பாத்திரத்தில் பழைய எஞ்சின் எண்ணெயோ, மண்ணோ, நீரோ சிறிதளவு இருந்தாலும் ஊற்றக்கூடாது. ஹைட்ராலிக் பம்பின் இடைவெளிகள் மிக நுண்ணியவை. களத்து மணல் துகள் அவற்றுக்கு அரம் போன்றது.

(ஆ) எஞ்சினை ஓட்டிவிட்டீர்கள் என்றால்:

உடனே நிறுத்துங்கள். வீடுவரை ஓட்டிவிடலாம், பட்டறைவரை மெதுவாகப் போகலாம் என்று எண்ணக்கூடாது. கயிறு கட்டி இழுத்துச் செல்வதும் தவறு. சக்கரம் சுழன்றால் டிஃபரன்ஷியலும் கியர் தண்டுகளும் எண்ணெயின்றிச் சுழலும். மெக்கானிக்கை டிராக்டர் நிற்கும் இடத்திற்கே வரவழைப்பதே முறை.

எவ்வளவு நேரம் ஓடியது, சுமையோடு ஓடியதா, ஒலி மாறியதா, தூக்கி வேலை செய்ததா என்பனவற்றை மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். ஓட்டுநர் திட்டுக்கு அஞ்சி நேரத்தைக் குறைத்துச் சொன்னால் பழுது பார்ப்பதும் தவறாகிவிடும். பிளக்கின் காந்தத்தில் பசைபோன்ற தூளுக்குப் பதில் செதில்களோ பல் துணுக்குகளோ இருந்தால் கியர் பெட்டியைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும். அத்தகைய அறிகுறி இல்லையெனில், எண்ணெய் நிரப்பி, சுமையின்றி ஓட்டி, ஒலியையும் வெப்பத்தையும் கவனித்து, சில மணி நேர வேலைக்குப் பின் ஹைட்ராலிக் ஃபில்டரைச் சோதிக்குமாறு மெக்கானிக்குகள் கூறுவர்.

சிந்திய எண்ணெயும் மண்ணும்

தவறான பிளக்கைத் திறக்கும்போது 10 லிட்டர் வாளியில் 40 லிட்டர் எண்ணெய் கொட்டும். மீதி களத்தில் ஓடும். இது உழவியல் நோக்கில் முக்கியமானது. எண்ணெய் படிந்த மண்துகள்கள் நீரை ஏற்பதில்லை. மண்ணின் காற்றுத் துளைகள் அடைபடுகின்றன; விதை நீர் உறிஞ்ச இயலாமல் முளைப்பு குன்றுகிறது. எண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தமக்கு எடுத்துக்கொள்வதால் அவ்விடத்துப் பயிர் வெளிறி நிற்கும். எண்ணெய் கிணற்றுக்கோ வாய்க்காலுக்கோ சென்றால் கேடு இன்னும் பெரிது.

எனவே எண்ணெய் மாற்றும் இடம் கிணறு, வாய்க்கால், நெற்களம், மாட்டுத்தொழுவம் ஆகியவற்றிலிருந்து தள்ளியிருக்கவேண்டும். சிந்திவிட்டால் உமி, மரத்தூள், சாம்பல் இவற்றுள் ஒன்றைத் தூவி உறிஞ்சச் செய்து, நனைந்த மேல்மண்ணோடு வாரி எடுத்து, மழையில் நனையாதபடி சாக்கில் கட்டித் தனியே வைக்கவேண்டும்; எருக்குழியில் போடக்கூடாது.

பயன்படுத்திய எண்ணெய், 2016-ஆம் ஆண்டு மைய அரசு வெளியிட்ட தீங்கு தரும் கழிவுகள் பற்றிய விதிகளில் அடங்கும். அதை மூடியுள்ள கேனில் சேர்த்துவைத்து, மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பட்டறையிடமோ உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடமோ கொடுக்கவேண்டும். மாட்டுப் புண்ணுக்குத் தடவுவதும், அடுப்பு எரிப்பதும், கையில் படிந்ததைக் கழுவாமல் விடுவதும் கூடாது.

முன்னெச்சரிக்கைகள்

1. ஓய்வான ஒரு நாளில் மெக்கானிக்கை அருகில் வைத்துக்கொண்டு எஞ்சின் பிளக்கைச் சுற்றிச் சிவப்பு வண்ணமும், கியர் பெட்டிப் பிளக்குகளைச் சுற்றி மஞ்சள் வண்ணமும் பூசிவிடுங்கள். ஒருமுறை செய்தால் பல ஆண்டுகளுக்கு உதவும். எண்ணெய் ஊற்றும் மூடிகளுக்கும் அதே நிறம் பூசினால், ஊற்றும்போது ஏற்படும் தவறும் நீங்கும்.

2. எண்ணெய் மாற்றும் வேலையைப் பருவ வேலைக்கு முந்திய இரவில் அவசரமாகச் செய்யாதீர்கள். குறைந்தது ஒரு வாரம் முன்பே, பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். தவறு நேர்ந்தாலும் திருத்த நேரம் இருக்கும்.

3. டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கை இட்டு, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். கலப்பையைத் தரையில் இறக்கிவிடுங்கள். தூக்கிய கருவியின் கீழ் யாரும் படுக்கக்கூடாது.

4. மணி மீட்டரின் எண்ணையும், எந்த எண்ணெய் எத்தனை லிட்டர் ஊற்றப்பட்டது என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஓட்டுநர் மாறினாலும் கணக்கு மாறாது.

5. உத்தரவாதக் காலம் முடியாத டிராக்டராயின், நிறுவனம் கூறிய சேவை மையத்திலேயே எண்ணெயை மாற்றி ரசீதை வைத்திருங்கள்.

6. பவர் டில்லரிலும் எஞ்சின் எண்ணெயும் கியர் எண்ணெயும் தனித்தனியே உண்டு. அதற்கும் இம்முறைகளே பொருந்தும். வீட்டுக் காரிலும் எஞ்சின் பிளக்கும் கியர் பெட்டிப் பிளக்கும் அருகருகே அமைவதுண்டு. தானியங்கிக் கியர் உள்ள கார்களில் அந்த எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு நிறமாக இருக்கும் என்பது ஓர் அடையாளம்.

முடிவாக

இத்தவறுக்கு மருந்து எளிது. துடைத்துப் பார்த்துத் திறப்பது, நிறமும் அளவும் பார்ப்பது, புதிய எண்ணெய் ஊற்றுவதற்கு முன் அளவுகோலைப் பார்ப்பது ஆகிய மூன்றும் போதும். ஐயம் தோன்றிய நொடியில் எஞ்சினைத் தொடாமல் நிறுத்தினால் இழப்பு எண்ணெயின் விலையோடு போகும். தொடர்ந்து ஓட்டினால் கியர் பெட்டியும் போகும், பருவமும் போகும். ஆடிப்பட்டத்திற்கு டிராக்டர் களத்தில் நிற்கவேண்டுமானால், ஆனி மாதத்திலேயே அதன் அடியில் ஒருமுறை பார்த்து இரு பிளக்குகளுக்கும் வண்ணம் பூசிவிடுமாறு உழவர் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.